செம்மல்வைஸ் என்னும் வைத்தியர்

காந்தி மார்க்கெட்டின் சாக்கடையோரம் தூவிய பிளீச்சிங் பவுடரின் நெடியை நாம் மூக்கைப் பொத்தியே கடந்து செல்கிறோம். சிந்திய குருதியின்மேல் அவ்வினக் குளோரின் நீரை ஊற்றி, சற்றுப் பொறுத்தே துடைக்குமாறு வைத்தியசாலைப் பணியாளர்க்கு இன்று பயிற்றுகின்றனர். இவ்வழக்கத்திற்கு முன்னோடி, 1818இல் ஹங்கேரியிற் பிறந்த இக்னாஸ் செம்மல்வைஸ்.

வியன்னா வைத்தியசாலையில் பிணமறுத்த கையோடு மாணாக்கர் பிரசவம் பார்க்க, தாய்மார் சுரங்கண்டு மாண்டனர். மருத்துவச்சியர் பகுதியிலோ சாவு குறைவு. 1847இல், பிண ஆய்வின்போது கத்தி கீறிய நண்பரொருவர் அதே குறிகளுடன் இறக்கவே, செம்மல்வைசுக்கு உண்மை துலங்கிற்று. குளோரின் சுண்ண நீரிற் கை கழுவியே உள்ளே வரவேண்டுமென விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆயிருந்த சாவு ஜூனில் 2 ஆயிற்று.

விதித்தாரேயன்றிப் பொறுமையாய் விளக்கினாரல்லர்; முழுநூல் எழுதியது 1861இலேதான். மறுத்தவரைக் கொலைஞரென்று தூற்றவும் செய்தார். அவர்பால் நாம் காணும் குறை இதுவே. 1865இல் பித்தர் விடுதியொன்றில், புண் சீழ்வைத்து, அத்தாய்மாரைப் போலவே மாண்டார்.