பனிக்கட்டி அரசர் பிரெடரிக் டியூடர்

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில், வளைந்த முகப்புடன் நிற்கும் பழைய கட்டிடத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1897-ஆம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் தங்கிய இடம் அது. 1963-இல் 'விவேகானந்தர் இல்லம்' என்று பெயர் பெற்றது. ஆயினும் அந்தப் பகுதியை மக்கள் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே வழங்குகின்றனர். அந்தப் பெயருக்குக் காரணமானவர் சென்னையையே பார்த்திராத ஓர் அமெரிக்க வணிகர். பிரெடரிக் டியூடர் என்னும் அப்பெரியாரின் வாழ்க்கையைச் சிறிது காண்போம். நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கும் அதில் ஒரு பாடம் உண்டு.

டியூடர் 1783-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் வசதி படைத்த வழக்கறிஞர். ஆனால் மகனோ கல்லூரிப் படிப்பை நாடாமல், இளமையிலேயே வணிகத்தில் இறங்கினார். குளிர்காலத்தில் அவ்வூர் ஏரிகள் உறைந்து கிடக்கும். அந்தப் பனிக்கட்டியை அறுத்து, வெப்ப நாடுகளுக்குக் கொண்டுபோய் விற்கலாம் என்று அவர் எண்ணினார். ஊரார் நகைத்தனர். சரக்கை ஏற்றிச் செல்லக் கப்பல்காரர்கள் முன்வராததால், சொந்தமாகவே ஒரு கப்பலை வாங்கினார். 1806-இல் 130 டன் பனிக்கட்டி மார்த்தினிக் தீவுக்குப் போயிற்று. பனிக்கட்டி நல்ல நிலையில் சேர்ந்தது. ஆனால் அங்கே அதைச் சேமித்து வைக்க இடமில்லை. விற்பதற்குள் உருகிற்று. நட்டம் நேர்ந்தது.

அதன்பின் கடன்மேல் கடன். 1812, 1813-ஆம் ஆண்டுகளில் கடனுக்காகச் சிறையிலும் இருந்தார். 1816-இல் மற்றொரு முயற்சி: கியூபாவிலிருந்து எலுமிச்சை, ஆரஞ்சு, வாழைப்பழங்களைப் பனிக்கட்டியும் வைக்கோலும் இட்டு நியூயார்க்குக்கு அனுப்பினார். ஒரு மாதப் பயணத்தில் ஏறக்குறைய எல்லாமே அழுகிப்போயின. அவர் சோர்ந்துவிடவில்லை. வைக்கோலைவிட மரத்தூளே வெப்பத்தை நன்றாகத் தடுக்கும் என்று கண்டார். இரட்டைச் சுவர்க் கிடங்குகளைக் கட்டினார். வைத் என்பார் 1825-இல் அமைத்த, குதிரை இழுக்கும் பனிக்கட்டி அறுக்கும் கருவி அவருக்குப் பெருந்துணையாயிற்று.

1833-ஆம் ஆண்டில் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனை விட்டது. நான்கு மாதம் கடந்து கல்கத்தா சேர்ந்தபோது சுமார் 100 டன் எஞ்சியிருந்தது! சென்னையிலும் 1842-இல் கிடங்கு எழுந்தது. அக்காலத்தில் நம் நகருக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்க, மசூலாப் படகுகளே அலை தாண்டிச் சரக்குகளைக் கரை சேர்த்தன.

இவ்வளவு வெற்றிக்கிடையிலும் அவர் ஒரு பெரும் பிழை செய்தார். காப்பி விலை ஏறும் என்று நம்பி அளவு மீறி வாங்கி, இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கடன்பட்டார். அதை அடைக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அடைத்தும் முடித்தார். 1864-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் மறைந்தார். 1870-களில் சென்னையிலேயே இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கவே, கப்பல் ஐஸ் வணிகம் மெல்ல மறைந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். காசிமேட்டில் நொறுக்கிய ஐஸில் புதைத்து வைத்த மீன், அத்திப்பட்டு வந்து சேரும்போது குளிர்ந்திருக்கிறது, கல்லாக விறைப்பதில்லை. ஏன்? உருகும் பனிக்கட்டி 0 டிகிரியிலேயே நிற்கும். அதற்குக் கீழே இறங்காது. மீன், கீரை, பால் ஆகியவற்றில் உப்பும் சர்க்கரையும் கரைந்திருப்பதால், அவை 0 டிகிரிக்கும் சற்றுக் கீழேதான் உறையும். ஆகவே டியூடர் காலத்து ஐஸ் பெட்டியில் உணவு உறைய வழியே இல்லை.

இன்றைய குளிர்சாதனப் பெட்டி அப்படியன்று. அதன் உறைபெட்டி 0 டிகிரிக்கு வெகு கீழே செல்லும். அதை ஒட்டியோ, குளிர்க்காற்று வரும் துளைக்கு எதிரிலோ வைத்த கீரை உறைந்துவிடும். உறையும் நீர் விரிந்து இலையின் நுண்ணறைகளைக் கிழிப்பதால், வெளியே எடுத்ததும் கீரை துவண்டு கூழாகிறது. வெள்ளரி நீர்விட்டுப் போகிறது. முட்டை ஓடு வெடிக்கிறது. அம்மா காலையில் கூட்டம் நெருக்கிய சந்தையில் வாங்கி வந்தது, மாலையில் குப்பைக்குப் போகிறது.

இதைத் தடுப்பது எளிது. குமிழை 3 அல்லது 4 டிகிரி நிலவும் அளவுக்கு வைப்போம். எண் மட்டும் உள்ள பெட்டிகளில், பெரும்பாலும் எண் கூடக்கூடக் குளிர் கூடும். மார்கழிக் குளிரில் எண்ணைச் சற்றுக் குறைக்கலாம். கீரை, காய்கறிகளை அடித்தட்டிலுள்ள காய்கறிப் பெட்டியில் வைப்போம். பின்சுவரைத் தொடாமல் விரலிடை விடுவோம். கதவின் ரப்பர் பட்டை கிழிந்திருந்தால் மாற்றுவோம். இல்லையேல் இயந்திரம் ஓயாது ஓடி, மின்சாரமும் வீணாகும். இத்தனைக்கும் பின் உணவு உறைந்தால், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி பழுதாகியிருக்கலாம். பழுது பார்ப்பவரை அழைப்பதே நன்று.

மரத்தூளால் வெப்பத்துக்கு எல்லை வகுத்தவர் டியூடர். ஆசைக்கு எல்லை வகுக்கத் தவறியபோது அவரே துன்புற்றார். குளிரும் அளவோடு இருந்தால்தான் உணவைக் காக்கும். இன்று மாலை வீடு திரும்பியதும், பெட்டியைத் திறந்து அந்தக் குமிழ் எந்த எண்ணில் நிற்கிறது என்று அம்மாவுடன் சேர்ந்து பார்ப்போமா?