கறுப்புக் கல்லும் காலாவதியான பேட்டன்ட்டும்

ஆம்பூரைத் தாண்டும்போது ட்ரெயின்ல மூக்கைப் பிடிச்சிருக்கீங்களா? தோல்ல இருக்கற முடியை நீக்க டேனரிகள்ல சுண்ணாம்போட சோடியம் சல்ஃபைடும் போடுவாங்க. அந்த அழுகின முட்டை வாசனைக்குக் காரணம் கந்தகம். அதே கந்தகம் நிக்கல், கோபால்ட் ரெண்டோடவும் சேர்ந்தா சூப்பர்கெப்பாசிட்டர் எலக்ட்ரோடு. ரெண்டு உலோகமும் எலக்ட்ரான் கொடுக்கும், வாங்கும். அதனால மின்னூட்டம் நிறைய தங்கும். கந்தகம், செலினியம், டெல்லூரியம் உலோகத்தோட சேர்ந்தா அதுக்கு சால்கோஜனைடுன்னு பேரு. இந்தக் குடும்பத்தை எலக்ட்ரானிக்ஸுக்குள்ள முதல்ல கொண்டுவந்தவர் யார் தெரியுமா?

ஜகதீஷ் சந்திர போஸ். செடிக்கும் உணர்வு உண்டுன்னு சொன்னவர்னு மட்டும்தானே நாம படிச்சோம்?

1858இல் பிறந்தவர். அப்பா அரசு அதிகாரி. இருந்தும் மகனை முதல்ல வங்காளிப் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்பினார். (நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். 'கந்தகம்'ங்கற வார்த்தையே இந்தக் கட்டுரைக்காகத்தான் கத்துக்கிட்டேன்.) கேம்பிரிட்ஜில் படிச்சு முடிச்சு, 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். அதே வேலைக்கு ஆங்கிலேயருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைவு. போஸ் சண்டை போடலை. 3 வருஷம் சம்பளத்தைத் தொடாமலே பாடம் எடுத்தார். கடைசியில் நிர்வாகம்தான் இறங்கி வந்து, பாக்கியை முழுசாக் கொடுத்தது.

ஆராய்ச்சிக்கு நல்ல லேப் கிடையாது. உள்ளூர் தகரத் தொழிலாளியை வெச்சுக் கருவி செஞ்சார். 1895இல் கல்கத்தா டவுன் ஹாலில், கண்ணுக்குத் தெரியாத அலையைச் சுவர் தாண்டி அனுப்பி மணி அடிக்க வெச்சார். அவர் உண்டாக்கின சில அலைகளோட நீளம் வெறும் 5 மில்லிமீட்டர். அதைப் பிடிக்க நல்ல டிடெக்டர் வேணுமே? கலீனாங்கற கறுப்புக் கல்லை எடுத்தார். அது ஈய சல்ஃபைடு. ஈயம் இடைநிலை உலோகம் இல்லை, ஆனா குடும்பம் அதேதான். கல்மேல ஒரு உலோக முனை லேசாத் தொட்டுக்கிட்டிருக்கும். அலை பட்டதும் மின்னோட்டம் மாறும்.

கண்டுபிடிப்பை விக்கறது அவருக்குப் பிடிக்காது. தோழி சாரா புல் வற்புறுத்தித்தான் 1901இல் அமெரிக்க பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிச்சாங்க. 1904இல் கிடைச்சது. போஸ் அதைக் கண்டுக்கவே இல்லை, காலாவதியாக விட்டுட்டார். எனக்கு இது பாதிதான் சம்மதம். அந்தக் காசில் இன்னொரு லேப் கட்டியிருக்கலாமே? ஆனா 3 வருஷம் சம்பளமில்லாம நின்னவர்கிட்ட நாம என்ன கேக்க முடியும்!

1937இல் கிரிடியில் இறந்தார். பத்து வருஷம் கழிச்சு டிரான்சிஸ்டர் வந்தது. அதைச் செஞ்சவர்கள்ல ஒருத்தரான வால்டர் பிராட்டன், ரேடியோ அலையைப் பிடிக்கக் குறைக்கடத்திப் படிகத்தை முதல்ல பயன்படுத்தினவர் போஸ்தான்னு 1955இல் எழுதி வெச்சார்.