மருத்துவத்தைத் தமிழில் தந்த டாக்டர் கிரீன்

பிறந்த நாட்டுக்குத் தொண்டு செய்தோர் பலர். பிறிதொரு நாட்டில் பிறந்தும், தமிழ் மக்களின் நோய் தீர்க்கத் தமிழையே கற்று, அத்தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர் மிகச் சிலர். அவருள் தலையாயவர் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த உஸ்டர் என்னும் ஊரில் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் கிரீன் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று, 1845இல் பட்டம் பெற்றார். 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் பணியாற்றினார். நோயாளரைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், 1848இலேயே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார்.

தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால் ஆங்கிலத்தில் தேர்ந்தவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி நகரங்களுக்குச் செல்வதைக் கிரீன் கண்டார். கிராமத்து நோயாளியோ முன்போலவே மருத்துவரின்றி இருந்தான். மருத்துவர் கிராமத்திலேயே தங்க வேண்டுமானால், அவர் கற்கும் கல்வியும் கிராமத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். இடையில் தாயகம் சென்றிருந்த அவர், 1862இல் திரும்பி வந்தபின் இம்முடிவைச் செயலாக்கினார். 1864 முதல் மருத்துவ வகுப்புகள் தமிழில் நடைபெற்றன. அவரிடம் பயின்றோர் 60 பேருக்கும் மேற்பட்டவர். அவருள் 33 பேர் தமிழிலேயே பயின்றவர்.

வகுப்பு நடத்த நூல் வேண்டுமே! டன்வதர், சாப்மன், பால் முதலிய தம் மாணவர்களின் துணையோடு நூல்களைத் தமிழாக்கும் பெருமுயற்சியில் கிரீன் இறங்கினார். 1867இல் இரண வைத்தியமும், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வெளிவந்தன. பின்னது, உடற்கூற்றியலில் உலகப் புகழ் பெற்ற ஹென்றி கிரேயின் நூலைத் தழுவியது. 1858இல் அந்நூலை வெளியிட்ட கிரே, மூன்றாண்டுகளில் அம்மை நோய்க்கு இரையானார். அதற்குப் படங்கள் வரைந்த ஹென்றி வாண்டைக் கார்ட்டரோ பம்பாய்க்கு வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்தார்.

உடற்கூற்றியலில் மாணவரைத் திணறவைக்கும் பகுதிகளுள் ஒன்று கபால நரம்புகள். மூளையிலிருந்து கிளம்பி, மண்டையோட்டுத் துளைகளின் வழியே வெளிவரும் நரம்புகள் இவை. இவற்றை எண்ணுவதிலேயே அக்காலத்தில் இருவகை வழக்கு இருந்தது. தாமஸ் வில்லிஸ் 1664இல் வகுத்த முறையில் ஒன்பது இணைகள். சோமரிங் 1778இல் வகுத்த முறையில் பன்னிரண்டு. இன்று நாம் கற்பது பின்னதே. முதலாவது மோப்பத்துக்கு, இரண்டாவது பார்வைக்கு, ஐந்தாவது முகத்தின் உணர்ச்சிக்கு, ஏழாவது முகத்தின் அசைவுக்கு, எட்டாவது செவிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பணி உண்டு. ஊடுகதிர்ப்படம் கண்டுபிடிக்கப்பட்டது 1895இல்தான். கிரீனின் மாணவர்க்கு இருந்த கருவிகள் இரண்டே: அறுத்துக் கண்ட அறிவும், நோயாளியின் முகமும். இன்று காந்த அதிர்வுப் படத்தில் இந்நரம்புகளை உயிருள்ள உடலிலேயே காண முடிகிறது. ஆயினும், எதைத் தேட வேண்டும் என்பதை முகமே முதலில் சொல்கிறது. ஏழாவது நரம்பு நலிந்தால் ஒருபக்க நெற்றி சுருங்காது, கண் மூடாது, வாய் கோணும். மூளை வாதத்தில் வாய் கோணினாலும் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். இவ்வேறுபாட்டைக் காண, நோயாளியிடம் புருவத்தை உயர்த்தச் சொன்னால் போதும். ஆனால், சொல்வது அவனுக்கு விளங்க வேண்டும்!

இங்குதான் கிரீனின் பெருமை விளங்குகிறது. கலைச்சொல் ஆக்கத்துக்கு அவர் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் உள்ள சொல்லைத் தேடுவது. கிட்டாவிடில் வடமொழியை நாடுவது. அதிலும் கிட்டாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைய எழுதுவது. வேதியியல் நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர் வந்தது இவ்வாறே. தனித்தமிழ் அன்பர்க்கு அவருடைய நடையில் வடசொல் மிகுதி என்று தோன்றலாம். ஆனால் அவர் நாடியது சொல்லின் தூய்மையை அன்று, நோயாளியின் நலத்தையே.

உடல்நலம் குன்றி, 1873இல் அவர் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ்ப்பணியை விடவில்லை. கெமிஸ்தம் 1875இலும், உடலியல் நூலாகிய மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. 1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் அவர் மறைந்தார். தமிழர்க்குத் தொண்டு செய்த மருத்துவ ஊழியர் என்பதே தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். மானிப்பாயில் கிரீன் நினைவு மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் வாழ்வு நமக்குச் சொல்வது என்ன? ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து உழைக்கின்றனர். இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவனுக்கு முதலாம் நரம்பு அறுபட்டு மோப்பம் போயிருக்கலாம். எரிவாயுக் கசிவோ, கம்பி கருகும் நாற்றமோ இனி அவனை எச்சரிக்காது. எவ்வளவு உயர்ந்த படக்கருவியும் அவனிடம் இதை எடுத்துச் சொல்லாது. அவனுக்கு விளங்கும் மொழியில் ஒரு மனிதர்தான் கேட்க வேண்டும், சொல்ல வேண்டும். தமிழனுக்குத் தமிழில் என்று அன்று கிரீன் கொண்ட நெறி, ஒடியா பேசுவோனுக்கு ஒடியாவில் என்றும் இன்று விரிய வேண்டும்.

கலைக்கல்லூரி மாணவராகிய நமக்கு மருத்துவம் தெரியாது, மொழி தெரியும். அறிவியலை எளிய தமிழில் எழுதுவதும், அயலாரின் மொழியில் நாலு சொல்லேனும் கற்று மருத்துவமனையில் அவர்க்குத் துணை நிற்பதும் நம்மால் இயலும். கடல் கடந்து வந்தவர் ஒரு மொழியையே கற்றார். பக்கத்துத் தெருவில் குடியிருப்பவனுக்காக நாம் நாலு சொல் கற்கலாகாதா?