தேர்வாளர் காணாத எறிதல்

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவின் சிகாகோ நகரில் உள்ள பேஸ்பால் அரங்கிற்குக் கிளைட் சூக்ஃபோர்த் என்ற தேர்வாளர் வந்தார். ஜாக்கி ராபின்சன் என்ற இளைஞரின் எறிதிறனைப் பார்த்து வருமாறு புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரை அனுப்பியிருந்தார்.

ராபின்சன் இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நின்று ஆடுபவர். அங்கிருந்து முதல் தளம் தொலைவு. எதிரணியினர் ஓடிச் சேருமுன் பந்து அங்கே போய்ச் சேர வேண்டும். அதற்கு வலுவான கை தேவை. ஆனால், அன்று ராபின்சனுக்குத் தோளில் காயம்; அவர் ஆடவே இல்லை! இருப்பினும் சூக்ஃபோர்த் அவரைப் புரூக்ளினுக்கு அழைத்துச் சென்றார்.

அக்காலத்தில் முதல்நிலைக் குழுக்களில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. எனவே, ரிக்கி சோதித்தது கையை அன்று, பொறுமையை. அரங்குகளில் கேட்கக்கூடிய வசைமொழிகளை அவரே ராபின்சனின் முகத்துக்கு நேராகக் கூறினார். இராணுவத்தில் இருந்தபோது, பேருந்தின் பின்பகுதிக்குச் செல்ல மறுத்து விசாரணையைச் சந்தித்து விடுதலையானவர் ராபின்சன். அடங்கிப் போவது அவர் இயல்பே இல்லை. ஆயினும், திருப்பித் தாக்குவதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

1946இல் மொன்ட்ரியல் குழுவில் அவரை இரண்டாம் தளத்தில் நிறுத்தினர். அங்கிருந்து எறியும் தொலைவு குறைவு. அவ்வாண்டு அவரது மட்டையடிச் சராசரி 0.349, அந்த லீக்கிலேயே அதுதான் மிக உயர்ந்தது. 1947 ஏப்ரல் 15ஆம் நாள், தமது 28ஆம் வயதில், டாட்ஜர்ஸ் சீருடையில் களமிறங்கினார். அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரர் அவரே. 1949இல் ரிக்கி அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். நடுவர்களோடு வாதாடத் தொடங்கிய ராபின்சன், அதே ஆண்டில் தேசிய லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார்.