எடுத்த கருமத்துக்குத் தாமே கடன்பூண்ட நாவலரவர்கள்

யாழ்ப்பாணத்து நல்லூரிலே 1822 ஆம் ஆண்டு அவதரித்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள், பார்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைபுரிந்து, அவர் பாடசாலையிலே வேதனம்பெறும் ஆசிரியராயிருந்தார்கள். சைவப்பிள்ளைகள் மிஷன் பாடசாலைகளிற் பயின்று தஞ்சமயம் அறியாதிருத்தலைக் கண்டு, பிறர் செய்வாரென்று காத்திராது, 1848 இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள், அவ்வேதனத்தையுந் துறந்தார்கள். கற்பித்தற்கேற்ற நூல்கள் வேண்டியிருந்தமையால், 1849 இலே சென்னை சென்று அச்சியந்திரங் கொணர்ந்து, பாலபாடங்களைத் தாமே எழுதி அச்சிடுவித்தார்கள். 1864 இலே சிதம்பரத்திலும் வித்தியாசாலை நிறுவி, 1879 இலே சிவபதமடைந்தார்கள்.

ஆசிரியர்காள்! கட்டடமில்லை, புத்தகமில்லை, உதவுவாரில்லை என நாம் நொந்துகொள்ளும்போது, அவையெல்லாம் இல்லாத நாளிலேயே அவர்கள் தொடங்கினார்களென்பதை நினைப்போமாக. சிவபிரான் திருவருள் முயல்வாருக்குத் துணையாகும். முயலாமைக்கு அதனையே சாக்காகக் கூறுதல் நமக்குத் தகாது.