எட்வர்ட் ஸ்டோன் ஐயர்

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தைக்கு வருவோர் பலர், பொழுது சாயும் வேளையில் உடல் நோகிறதென்று பெட்டிக்கடையில் மாத்திரை ஒன்று வாங்கி விழுங்கிச் செல்வதை யாம் பன்முறை கண்டிருக்கின்றோம். ஆம்பூர்ப் பக்கத்துத் தோற்சாலைகளில் நாள் முழுதும் நின்று உழைப்போர்க்கும் அதுவே இராப்பொழுதின் துணை. அம்மாத்திரை எங்கிருந்து வந்தது, எவ்வளவு உண்ணத்தகும், எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்று வினவுவோர் சிலரே. இவ்வினாக்களை 260 ஆண்டுகட்கு முன்னரே எழுப்பி, விடை காண முயன்றார் ஒருவர். அவர் வைத்தியரல்லர், ஒரு குருவானவர். அவரது சரிதத்தைச் சுருக்கமாக வரைவதே எம் நோக்கம்.

எட்வர்ட் ஸ்டோன் 1702ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்துப் பக்கிங்காம் மாகாணத்தில் பிறந்தார். 1720இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் வாடம் கல்லூரியிற் சேர்ந்து கற்றார். 1728இல் குருப்பட்டம் பெற்றார். பின்னர் அக்கல்லூரியிலேயே ஆசிரியர் குழுவில் ஒருவராக விளங்கினார். 1741இல் விவாகம் செய்துகொண்டமையால், அக்காலக் கல்லூரி விதிப்படி அப்பதவியை விடலானார். 1745 முதல் சிப்பிங் நார்ட்டன் என்னும் சிற்றூரில் வசித்து, திருப்பணி ஆற்றிவந்தார். வானசாஸ்திரத்திலும் அவருக்கு ஆர்வம் மிகுதி. கண்ணாற் கண்டதை அளந்து கணக்கிட்டன்றி நம்பலாகாது என்னும் பழக்கம் அவரிடம் வேரூன்றியிருந்தது.

1757ஆம் ஆண்டளவில், அவர் வில்லோ என்னும் மரத்தின் பட்டையைத் தற்செயலாகச் சுவைத்தார். நீரோரங்களில் வளரும் அம்மரப்பட்டையின் பெருங்கசப்பு அவரை வியப்பில் ஆழ்த்திற்று. முறைக்காய்ச்சலுக்குக் கைகண்ட மருந்தாக அந்நாளில் வழங்கிய சிங்கோனாப் பட்டையின் கசப்பை அது நினைவூட்டியது. சிங்கோனாவோ தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வருவது, விலை மிக்கது. மேலும், நோய் விளையும் இடத்தருகே மருந்தையும் ஆண்டவர் வைத்திருப்பார் என்பது அக்காலத்தார் பலர் கொண்ட கருத்து. ஈரநிலத்திலேயே காய்ச்சல் மிகுதி. வில்லோவும் ஈரநிலத்து மரமே. ஆகவே இப்பட்டையைச் சோதித்துப் பார்க்க அவர் துணிந்தார்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. நமது தமிழ் வேதாகமத்தின் 137ஆம் சங்கீதத்தில், பாபிலோன் ஆறுகளருகே வளர்ந்த இம்மரத்தை அலரி என்றே மொழிபெயர்த்துள்ளனர். நம்மூர் அலரியாகிய அரளியோ கொடிய நஞ்சுடையது. வில்லோவுக்கும் அதற்கும் உறவே இல்லை. பெயரொற்றுமை கண்டு மயங்கலாகாது.

ஐயர் ஏறக்குறைய ஓர் இராத்தல் பட்டையைச் சேகரித்து, பையிலிட்டு, ரொட்டி சுடுவோன் அடுப்பின் வெளிப்புறத்தே மூன்று மாதத்திற்கு மேல் உலர்த்தி, இடித்துச் சலித்துப் பொடியாக்கினார். பின்பு அவர் நடந்துகொண்ட முறையே நாம் கருத்தூன்றி நோக்கத்தக்கது. மருந்தின் இயல்பைத் தாம் அறியாராதலின், முதலில் 20 கிரெயின் அளவே கொடுத்தார். காய்ச்சல் விட்டிருக்கும் இடைவேளைகளில் நான்கு மணிக்கு ஒருமுறை கொடுத்து, நோயாளியின் நிலையை விழிப்புடன் கவனித்தார். காய்ச்சல் தணிந்தது, ஆயினும் முற்றும் விடவில்லை. தீங்கொன்றும் நேராமை கண்ட பின்னரே அளவை 40 கிரெயினாகவும், அப்பால் 60 கிரெயினாகவும் உயர்த்தினார். இவ்வாறு ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்.

1763ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இலண்டன் ராயல் சங்கத்தின் தலைவரான மாக்கிள்ஸ்பீல்டு பிரபுவுக்கு இவ்விவரங்களைக் கடிதமாக எழுதினார். பலித்தவற்றோடு பலியாதவற்றையும் அதில் ஒளியாது சொன்னார். நாட்பட்டுக் கடுமையாயிருந்த சில காய்ச்சல்களில் இப்பட்டை மட்டும் போதவில்லையென்றும், ஐந்திலொரு பங்கு சிங்கோனா சேர்த்த பின்னரே குணம் கண்டதென்றும் எழுதினார். தம் சொல்லை அப்படியே ஏற்குமாறு அவர் கேட்கவில்லை. பிறரும் பலவிடத்தும் நேர்மையாகச் சோதித்தறிய வேண்டுமென்பதே அவர் விரும்பியது. அக்கடிதம் அச்சானபோது அவர் பெயர் எட்மண்ட் என்று பிழையாகப் பதிவாயிற்று. 1768இல் அவர் மறைந்தார்.

ஐயர் கண்டதில் ஒரு குறையும் உண்டு. அதை மறைத்தல் அவருக்கே பெருமையாகாது. முறைக்காய்ச்சலாகிய மலேரியா ஒரு நுண்கிருமியால் உண்டாவது. கொசுவின் வழியே அக்கிருமி பரவுவதற்கான தடயத்தை ரொனால்டு ராஸ் என்பார் நம் தேசத்துச் சிக்கந்தராபாத்தில் 1897இல் கண்டார். சிங்கோனாவிலுள்ள கொயினா அக்கிருமியைக் கொல்லும். வில்லோப் பட்டை கொல்லாது. அது வெப்பத்தையும் நோவையும் தணிக்கும் அளவே. தணிவைக் குணமென்று கொள்வது ஐயர்க்கும் நேர்ந்தது; இன்று நமக்கும் நேர்கின்றது.

அப்பட்டையின் சத்தாகிய சாலிசினை 1828இல் ஜெர்மனியில் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த சாலிசிலிக் அமிலம் நோவைத் தணித்ததாயினும் வயிற்றைப் பெரிதும் வருத்திற்று. 1897இல் பேயர் கம்பெனியார் அதனை மாற்றியமைத்து, 1899இல் ஆஸ்பிரின் என்று பெயரிட்டனர். அது வேலை செய்யும் விதத்தை 1971இல் ஜான் வேன் என்பார் விளக்கினார். நோவையும் வீக்கத்தையும் மிகுவிக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உண்டாவதை அம்மருந்து தடுக்கின்றது. அப்பொருளே இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் ஆகும். ஆதலின் நன்மையும் தீமையும் ஒரே வாயில் வழியாகவே வருகின்றன. ஆஸ்பிரினும் இபுப்ரோபனும் வயிற்றில் புண்ணும் இரத்தக்கசிவும் உண்டாக்குவது இக்காரணத்தாலேயே.

டெங்குக் காய்ச்சலில் இவ்விரண்டும் இரத்தப்போக்கை மிகுவிக்கும், ஆதலால் ஆகா. காய்ச்சலுற்ற பிள்ளைகட்கு ஆஸ்பிரின் கொடுத்தலும் தகாது. பாரசிட்டமால் வயிற்றுக்கு இதமானதே. ஆயினும் வளர்ந்தோர்க்கும் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு, மேற்படின் ஈரல் கெடும். மது அருந்துவோர்க்கு அவ்வளவும் தாங்காது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதுவே கலந்திருத்தலால், அறியாமலே இருமடங்கு உண்பாரும் உளர்.

ஸ்டோன் ஐயரிடம் நுண்கருவிகள் இல்லை. மருத்துவப் பட்டமும் இல்லை. சிறிதாகத் தொடங்கும் அச்சமும், விழித்திருந்து பார்க்கும் பொறுமையும், தோல்வியை ஒப்புக்கொள்ளும் நேர்மையும் இருந்தன. தான் உண்ணும் மாத்திரையின் பெயரையும் அளவையும் உறையிற் படித்தறியாமல் விழுங்குகின்றவன், எல்லா வசதியும் பெற்றிருந்தும் அம்மூன்றையும் இழந்தவனே. படிக்கத் தெரியாத பெற்றோர்க்கும் அயலார்க்கும் அவ்வுறையைப் படித்துச் சொல்லுதல் கல்லூரி மாணவராகிய நம் கடன். மூன்று நாளில் நீங்காத நோவை மருத்துவரிடம் கொண்டுசெல்லுமாறு வற்புறுத்துதலும் நம் கடனே. அக்கடனைச் செய்வோமாயின், அக்குருவானவர் தொடங்கிய சோதனையில் நாமும் பங்கு பெற்றவராவோம்.