கௌதம புத்தரும் அவர்தம் யோகாசிரியர் இருவரும்

உலகிற் பேராசிரியர் எனப் போற்றப்படுவாருள் பலரை நாம் அவர்கள் கற்பித்த நிலையில் வைத்தே அறிவோம். கற்ற நிலையில் வைத்து அறிதல் அரிது. புத்தர் என்ற அளவில், அரசமரத்தின்கீழ்க் கண்மூடி அமர்ந்த திருவுருவம் நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. அஃது யோகத்தில் அமர்ந்த உருவம். அவ்யோகத்தை அவர் யாரிடம் கற்றார், கற்றதனை யாது செய்தார், கற்பித்தாரை எங்ஙனம் நினைந்தார் என்பவற்றை நம்மிற் பலர் அறியார். பள்ளிச் சிறார்க்குத் தமிழ் கற்பிக்கும் தொழிலினனாகிய எனக்கு அப்பெரியார் வரலாற்றில் மிக உவப்பான பகுதி இதுவே. ஆகலின், அதனை நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றேன்.

சாக்கியர் குலத்துச் சுத்தோதனர்க்கும் மாயாதேவிக்கும் மைந்தராய்ச் சித்தார்த்தர் தோன்றிய இடம் லும்பினி. அஃது இன்று நேபாள நாட்டில் உள்ளது. அசோகர் அங்குச் சென்று வழிபட்டமையைக் கூறும் கற்றூண் 1896-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. பிறந்த ஏழாம் நாளில் ஈன்ற தாயை இழந்த அக்குழந்தையைச் சிற்றன்னையாகிய கோதமியார் வளர்த்தனர். இளமையில் யசோதரையை மணந்து, இராகுலன் என்னும் மகனையும் பெற்ற சித்தார்த்தர், மூப்பும் பிணியும் சாக்காடும் மக்களை விடாது பற்றுதல் கண்டு, தமது 29-ஆம் அகவையில் மனைதுறந்து வெளியேறினார். அவர் பரிநிருவாணம் எய்திய ஆண்டு கி.மு. 544 என்பது இலங்கைப் பௌத்தர் மரபு. அதற்குப் பின்னரே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை.

துறந்தார் முதலிற் செய்தது யாது? ஆசிரியரைத் தேடியதே. ஆளார காலாமர் என்னும் பெரியாரை அடைந்து மாணவராய் அமர்ந்தார். அவர் கற்பித்த யோகம், மனத்தைப் புறப்பொருள்களினின்றும் படிப்படியே மீட்டு, ஒன்றுமில்லை என்னும் நிலையில் நிறுத்துவது. சித்தார்த்தர் அதனை விரைவிற் பயின்று முடித்தார். ஆசிரியர் அழுக்காறு கொண்டிலர். தாம் அறிந்ததனைத் தம் மாணவரும் அறிந்தார் எனக் கண்டு மகிழ்ந்து, தம்மோடு ஒப்ப அமர்ந்து மாணவர் கூட்டத்தை உடனிருந்து நடத்துமாறு வேண்டினார். சித்தார்த்தரோ, இந்நிலை துயரை முற்றும் அறுப்பதன்று எனத் தெளிந்து, அச்சிறப்பினை ஏலாது விடைகொண்டார்.

பின்னர் உத்தக இராமபுத்தரை அடைந்தார். இவர் கற்பித்தது தம் முன்னோராகிய இராமர் கண்ட யோகம். நினைவு உளது என்றும் இலது என்றும் சொல்லொணாத மிக நுண்ணிய நிலை. இவ்விராமர் அயோத்தி வேந்தர் அல்லர் என்பதனைச் சிறார் அறிக. சித்தார்த்தர் அந்நிலையையும் எய்தினார். உத்தகர் தாம் எய்தாததனை இவர் எய்தினமை கண்டு, ஆசிரியர் இருக்கையையே இவருக்கு அளிக்க முன்வந்தார். மாணவன் தன்னை விஞ்சினான் என்பதனை வாயால் ஒப்புவதே அரிது. இருக்கையையே விட்டுக்கொடுத்தல் எத்துணை அரிது! ஆயினும் சித்தார்த்தர் அதனையும் விடுத்து நீங்கினார். யோகத்தில் அமர்ந்த பொழுது அடங்கிய அவாவும் வெகுளியும், எழுந்தபின் மீண்டும் தலைதூக்குகின்றன. மழையால் அடங்கிய புழுதி வெயில் காய்ந்தவுடன் எழுதல் போல்வது அது. புழுதி எழாவாறு செய்யும் வழி யாதென அவர் தேடினார்.

அதன்பின் உருவேலையில், நேரஞ்சரை ஆற்றங்கரையில், ஐவர் துணையுடன் கொடுந்தவம் மேற்கொண்டார். நாவை மேலண்ணத்தில் அழுத்தி மனத்தை அடக்கினார். வாயும் மூக்கும் செவியும் அடைத்து மூச்சை நிறுத்தினார். பிற்காலத்து ஹடயோக நூல்கள் கூறும் பயிற்சிகளோடு இவை சில கூற்றில் ஒத்துள்ளன. உணவைச் சுருக்கிச் சுருக்கி, வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு தட்டுப்படும் அளவிற்கு மெலிந்தார். உடல் வாடியதன்றி அறிவு விளங்கவில்லை. அப்பொழுது, சிறுவராய் இருந்த காலத்தில் நாவல் மர நிழலில் தனித்து அமர்ந்த வேளை, தானே வந்த அமைதியும் இன்பமும் நினைவிற்கு வந்தன. உடம்பை ஒறுத்தலன்று, செம்மையாகப் பேணி மனத்தை ஒருமுகப்படுத்தலே நெறி எனத் தெளிந்து உணவு கொண்டார். தவம் கெட்டது என்று எண்ணிய ஐவரும் அவரைக் கைவிட்டு அகன்றனர். உடம்பைப் பேணுதலும் தவத்தின் கூறே என்னும் கருத்தை நம் திருமூலரும் திருமந்திரத்திற் கொண்டிருத்தல் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

தனித்து நின்ற சித்தார்த்தர் தமது 35-ஆம் அகவையில், இன்று புத்தகயை எனப்படும் அவ்விடத்தில், அரசமரத்தின்கீழ் மெய்யுணர்வு எய்திப் புத்தர் ஆனார். யோகத்தால் அடங்கிய மனத்தைக் கொண்டு, துயரும் அதன் காரணமும் அதன் நீக்கமும் நீக்கும் நெறியும் ஆராய்ந்து கண்டதே அவர்தம் புதுமை. அடக்கம் ஆசிரியர்பாற் பெற்றது. ஆராய்ச்சி தாமே செய்தது.

இனி, யான் சொல்லப் புகுந்த செய்தி. கண்டதனை முதலில் யார்க்கு உரைப்பது என எண்ணிய புத்தர், தந்தையை நினைந்திலர்; அரசரை நினைந்திலர்; ஆளார காலாமரையே முதற்கண் நினைந்தார். அவரோ ஏழு நாள் முன்னரே இறந்துபட்டார். அடுத்து உத்தகரை நினைந்தார். அவரும் முன்னாள் இரவே உயிர்நீத்தார். கேட்டிருப்பின் உடனே உணர்ந்திருப்பரே என அவர்கட்காகப் புத்தர் இரங்கினார். அவர்தம் நெறியைக் குறையுடையது என விடுத்தவர், அவரை விடுத்திலர். பின்னரே தம்மை இகழ்ந்து அகன்ற ஐவரையும் தேடி, காசிக்கு அண்மையிலுள்ள இசிபதனத்திற்கு நடந்து சென்று, முதல் அறவுரை கூறினார்.

அவ்விரு யோகநிலைகளையும் புத்தர் தம் நெறியினின்றும் களைந்தாரல்லர். உயர்ந்த படிகளாக அமைத்துக்கொண்டார். பௌத்தம் வேறு, யோகம் வேறு என முற்றும் பிரிப்பார் இதனை நோக்குக. மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கும் பௌத்தர் தியானத்திற் கூறப்படுவன. அவற்றையே பதஞ்சலியாரின் யோகசூத்திரமும் மனத்தெளிவிற்கு வழியாக விதிக்கின்றது. சிரத்தை, வீரியம், சுமிருதி, சமாதி, பிரஞ்ஞை என்னும் ஐந்தும் அங்ஙனமே இரண்டிடத்தும் உள. ஆன்மா உண்டு என்பதிலும் இல்லை என்பதிலும் இருதிறத்தாரும் வேறுபட்டனர். மனத்தைப் பழக்கும் முறையில் ஒருவர்பால் ஒருவர் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தனர்.

45 ஆண்டுகள் அறம் உரைத்து, 80-ஆம் அகவையில் குசிநகரத்தில் இரு சாலமரங்களிடையே புத்தர் கிடந்தார். இறுதி வேளையில் அவர் தியானப் படிகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார் எனப் பௌத்த நூல்கள் கூறும். அப்படிகளுள் ஆளாரர் கற்பித்ததும் உளது. உத்தகர்பாற் கற்றதும் உளது. இளமையிற் கற்ற பாடம் உயிர் பிரியும் நாளிலும் உடன்வந்தது.

ஆசிரியன்மீது கொண்ட அன்பினால் அவன் சொன்ன அளவிலே நின்றுவிடுதலும் குறை. அவனைக் கடந்தமையால் அவனை மறத்தல் பெருங்குறை. இவ்விரண்டும் இன்றி வாழ்ந்து காட்டினார் கௌதமர். மாணவன் உயர்ந்தவழி இருக்கை விட்டு எழும் பெருமையைக் காட்டினர் அவர்தம் ஆசிரியர் இருவரும். நம் இல்லத்துச் சிறார் முன்னதனைக் கற்க. கற்பிக்கும் என்போல்வார் பின்னதனைக் கற்போமாக.